வாத்தியார் இருக்கும் ஊரில்தான் கூடைப்பந்து

சென்னை ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியிலிருந்து திண்டுக்கல் பள்ளி மைதானம் வரை, ஒரு விளையாட்டைத் தலைமுறைதோறும் கைமாற்றிக் கொடுத்துவரும் பயிற்சியாளர்களின் கதை

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு மாலை நேரம் போய்ப் பார்த்தால், எந்த விளையாட்டு எங்கே வேர் பிடித்திருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் ஊர்ப் பொதுவிடத்தில் கபடிக் களம் இருக்கும். இரண்டு கம்பம் நட்டு வலையைக் கட்டிவிட்டால் வாலிபால் தொடங்கிவிடும். அறுப்பு முடிந்த வயல் எல்லாம் கிரிக்கெட் மைதானம்தான். இந்த ஆட்டங்களுக்குத் தனியாக ஆசான் வேண்டியதில்லை. அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்துத் தம்பிமார் கற்றுக்கொள்வார்கள்.

கூடைப்பந்து வளையம் மட்டும் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மதில் சுவருக்குள்தான் நிற்கிறது. அங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை. வளையம் இருக்கிற பள்ளியில்கூட அதன் அடியில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வலை அறுந்து, பலகை வெளுத்து, ஆசிரியர்களின் இருசக்கர வாகனங்களுக்கு நிழல் தருகிற கம்பங்களாக மாறிய வளையங்களும் உண்டு. வளையமும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிற இடத்தில் கட்டாயம் மூன்றாவதாக ஒருவர் இருப்பார். கழுத்தில் விசில் தொங்கும். குரல் கொஞ்சம் கரகரத்திருக்கும். பிள்ளைகளுக்கு அவர் ‘பி.டி. சார்’ அல்லது ‘கோச் சார்’.

கூடைப்பந்தின் விதியே அந்த மூன்றாவது ஆளைப் பொறுத்தது. அவர் ஓய்வு பெற்றுப் போனால் ஒரு பள்ளியின் கூடைப்பந்தும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தால் மறுபடி உயிர்க்கும். வேறெந்த விளையாட்டும் ஆசிரியரை இந்த அளவுக்கு நம்பி நிற்பதாகத் தெரியவில்லை. இதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

பதினான்கு நாள் கெடு

உலகத்தின் பெரிய விளையாட்டுகள் பலவும் தெருவிலும் புல்வெளியிலும் யார் தொடங்கியது என்று தெரியாமல் வளர்ந்தவை. கூடைப்பந்துக்குப் பிறந்த நாள் உண்டு, பெற்றவர் பெயரும் உண்டு. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. கடுங்குளிரில் வெளியே விளையாட முடியாது. உள்ளரங்கில் தினமும் ஒரே உடற்பயிற்சி செய்து சலித்துப்போன 18 மாணவர்கள், வந்த ஆசிரியர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடா நாட்டு ஆசிரியரின் தலையில் விழுந்தது. துறைத் தலைவர் லூதர் குலிக் அவருக்குக் கொடுத்த கெடு பதினான்கு நாள். அதற்குள் உள்ளரங்கில் ஆடக்கூடிய, அடிதடி இல்லாத ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நெய்ஸ்மித் ஒரு வாத்தியார் எப்படி யோசிப்பாரோ அப்படி யோசித்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதால்தானே ஒருவர்மீது ஒருவர் பாய்ந்து விழுகிறார்கள்? ஓடக் கூடாது என்று விதி போட்டார். இலக்கு தரையில் இருப்பதால்தானே பந்தை வெறிகொண்டு அடிக்கிறார்கள்? இலக்கைத் தலைக்கு மேலே தூக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடியின் உயரம் 10 அடி. இன்றுவரை உலகம் முழுக்க வளையத்தின் உயரம் அதுதான். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர், கால்பந்து ஒன்று. முதல் ஆட்டத்தின் முடிவு 1–0.

அந்த முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைவராக நின்றவர் டங்கன் பேட்டன். இவர்தான் 1894-ல் கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர். பிறந்து மூன்றே ஆண்டில் நம் மண்ணுக்கு வந்த ஆட்டம் இது. அதுவும் ஒரு மாணவர் வழியாக வந்தது.

ஒரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் தேவையில்லை, ஆடினால் போதும் என்று நெய்ஸ்மித்தே நம்பினார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய அணி வென்றது 55 ஆட்டம், தோற்றது 60. அவரிடம் ஆடிய மாணவர் ஃபாக் ஆலன் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. அதே கன்சாஸ் அணிக்குப் பயிற்சியாளராகிப் பல பத்தாண்டுகள் அங்கேயே நின்று, கற்றுக்கொடுத்தால் இந்த ஆட்டம் எந்த உயரத்துக்குப் போகும் என்பதைக் காட்டினார். ஆட்டத்தைப் பெற்றவரின் கருத்தை அவருடைய மாணவரே திருத்தினார். நல்ல வாத்தியாருக்கு இதைவிடப் பெருமை ஏது?

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சைதாப்பேட்டைக்கு

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். பென்சில்வேனியாவில் பிறந்த இவர் 1919-ல் மதராஸ் வந்தார். நம் பள்ளிகளில் அன்று உடற்பயிற்சி என்றால் டிரில்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வரிசையில் நிற்கவைத்து ‘அட்டேன்ஷன்’ சொல்வார், பிள்ளைகள் கையைக் காலை நீட்டி மடக்குவார்கள். அதோடு பாடம் முடிந்துவிடும். பிள்ளைகள் விளையாட வேண்டும், அதற்குப் படித்த ஆசிரியர் வேண்டும் என்பது பக்கின் கொள்கை.

1920-ல் ஐந்து மாணவர்களை வைத்துக்கொண்டு உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்று, இன்று நந்தனத்தில் மரங்கள் அடர்ந்து நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான். மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் ஊர் விளையாட்டுகளையும் பாடத்தில் சேர்த்தார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகவும் போய்வந்தார். அந்தப் புகழோடு பெரிய பதவிகளைத் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. 1943-ல் மதராஸிலேயே உயிர் பிரியும்வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள், ஆசிரியர்களை உருவாக்கும் அந்த ஒரு வேலையைத்தான் செய்தார்.

பக்கின் வாழ்க்கைக் கணக்கில் கோப்பைகளைத் தேடினால் அதிகம் கிடைக்காது. அவர் அனுப்பிவைத்த ஆட்களைத் தேட வேண்டும். சைதாப்பேட்டையை ஒட்டிய அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள் ஒரு விசில், ஒரு விதிப் புத்தகம், ஒரு பந்தோடு மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். மிஷன் பள்ளிகளிலும் போர்டு ஹைஸ்கூல்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மண்ணைச் சமப்படுத்திக் கம்பம் நட்டார்கள். அவர்களிடம் ஆடிய பையன்களில் ஒரு பங்கினர் அதே கல்லூரிக்குப் போய்ப் படித்து, அவர்களும் பி.டி. மாஸ்டர்களாகித் திரும்பினார்கள். 1934-ல் டெல்லியில் தேசியப் போட்டி தொடங்கியதும், 1950-ல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு உருவானதும் இந்த வரிசைக்குப் பிறகுதான். கர்நாடக சங்கீதத்தில் குரு பரம்பரை சொல்வதுபோல, தமிழ்நாட்டின் கூடைப்பந்துக்கும் பரம்பரை சொல்லலாம்.

ஓர் ஆசிரியரை உருவாக்கிக் கிராமத்துக்கு அனுப்பினால் ஊரே மாறும் என்ற எண்ணம் திண்டுக்கல் சீமைக்குப் புதியதில்லை. 1947-ல் டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியது அதே எண்ணத்தோடுதான். செவிலியர், ஆசிரியர், ஊழியர் என்று ஆட்களை ஆயத்தப்படுத்துவதே அங்கே முதல் வேலையாக இருந்தது. புனித மரியன்னை, டட்லி போன்ற பழைய மிஷன் பள்ளிகளை நகரத்துக்குள்ளேயே வைத்திருக்கும் திண்டுக்கல்லில், மைதானத்தையும் வகுப்பறையாக நினைக்கிற பழக்கம் இப்படித்தான் தழைத்தது.

காலை ஆறு மணிக் கோர்ட்

இனி அந்த வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சமவெளியில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எட்டு மணிக்கே சிமெண்டுத் தரை சுடத் தொடங்கிவிடும். அதனால் பயிற்சி காலை ஆறு மணிக்கு. ஐந்தேமுக்காலுக்கு வந்து கேட்டைத் திறப்பவர் அநேகமாகப் பயிற்சியாளர்தான். தரையில் கிடக்கும் கல்லையும் வேப்பஞ்சருகையும் கூட்டித் தள்ளுவதில் அவர் வேலை தொடங்குகிறது.

ஒரு சிறுவனுக்கு முதலில் சொல்லித்தருவது லே-அப். ஓடிவந்து, இரண்டு காலடி வைத்து, எழும்பிப் பந்தைப் பலகையில் மெதுவாக வைக்கிற ஆட்டத்தின் அரிச்சுவடி. வலது கைக்காரன் வலது காலை முதலில் வைக்க வேண்டும், அடுத்து இடது, பிறகு தாவல். கேட்க எளிது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு காலும் இரண்டு கையும் அந்த நேரத்தில் நான்கு திசைக்குப் போகும். அதனால் பந்தே இல்லாமல் நடக்கவிடுவார்கள். “வலது, இடது, ஏறு! வலது, இடது, ஏறு!” என்று அவர் சொல்லச் சொல்ல, இருபது பிள்ளைகள் காற்றில் கையை உயர்த்திக்கொண்டே போவார்கள். அந்தத் தாளம் உடம்பில் இறங்கிய பிறகுதான் பந்து கைக்கு வரும்.

அடுத்து டிரிபிள். பந்தைத் தட்டும்போது கண் தானாகப் பந்தின்மேல் போகும். அதை மாற்றுவதற்கே சில மாதம் ஆகும். “டேய், பந்து எங்கடா ஓடிப்போகப் போகுது? தலையத் தூக்கி ரிங்கைப் பாரு!” என்ற அதட்டல் தினமும் கேட்கும். பழக்கமில்லாத கையால் தட்டச் சொல்வார்கள். பிவட் காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பச் சொல்வார்கள். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பக்கவாட்டில் நகரும் டிஃபன்ஸ் பயிற்சியில் தொடை எரியும். ஷூட்டிங்கில் முழங்கை பந்துக்குக் கீழே வர வேண்டும், பந்து விரல் நுனியிலிருந்து விடுபட்ட பிறகு மணிக்கட்டு தொங்கி நிற்க வேண்டும். கடைசியில் ஃப்ரீ த்ரோ. மூச்சு வாங்கும் நேரத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆட்டத்தில் அந்த வாய்ப்பு வருவதும் மூச்சு வாங்கும்போதுதான்.

அண்ணன்மாரைப் பார்த்து மட்டும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாததன் காரணம் இங்கே விளங்கும். ஒரு தவறான காலடி பத்து வயதில் படிந்துவிட்டால் பதினாறு வயதில் அழிக்க முடியாது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகத்தில் பத்துப் பேர். பந்து கைக்கு வந்ததிலிருந்து 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். யோசித்துச் செய்ய நேரமே இல்லை. உடம்பு முன்பே அறிந்ததைத்தான் செய்யும். அதை அறியவைப்பவர் அருகில் நின்று ஒவ்வொரு நாளும் திருத்த வேண்டும்.

ஏழரைக்குப் பயிற்சி முடிகிறது. சட்டையை மாற்றிக்கொண்டு அதே மனிதர் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வரிசை சரிசெய்ய வேண்டும். பகல் முழுக்க வகுப்பு, ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சத்தம் போடும் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பது, சுதந்திர தின அணிவகுப்பு. மாலை நாலரைக்கு மறுபடி கோர்ட். இதற்கிடையே பந்தும் ஒரு கவலை. சிமெண்டுத் தரையில் ரப்பர் பந்தின் புள்ளிகள் சீக்கிரம் தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கும். ஷூ இல்லாத பிள்ளைக்குப் பழைய மாணவர் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். பயிற்சி முடிந்து பசியோடு பஸ் ஏறும் வெளியூர்ப் பிள்ளைக்கு வாழைப்பழமோ சுண்டலோ கொடுக்கிற பழக்கம் பல பயிற்சியாளர்களிடம் உண்டு. அந்தச் செலவுக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரை

ஒரு பள்ளி அணியின் ஆண்டு குறுவட்டப் போட்டியில் தொடங்குகிறது. அதில் வென்றால் வருவாய் மாவட்டம், அதையும் வென்றால் மாநிலம். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தினக் குழு விளையாட்டுப் போட்டிகளின் ஏணி இது. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. முதலமைச்சர் கோப்பை தனியாக நடக்கிறது. திண்டுக்கல் வருவாய் மாவட்டம் என்றால் பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம், வேடசந்தூர், வத்தலக்குண்டு, மேலே கொடைக்கானல் என எல்லாத் திசையிலிருந்தும் அணிகள் வரும். பனியில் ஆடிப் பழகிய பிள்ளையும் புழுதியில் ஆடிப் பழகிய பிள்ளையும் ஒரே கோர்ட்டில் நிற்பார்கள்.

கல்லூரிப் பயிற்சியாளரின் நிலைமை வேறு மாதிரி. திண்டுக்கல்லின் கலைக் கல்லூரிகளில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருக்கும், அரசு மகளிர் கல்லூரி கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகத்தைச் சேரும், பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேரும். ஒரே ஊரில் பள்ளித் தோழர்களாக ஆடியவர்கள் கல்லூரிக்குப் போனதும் மூன்று வேறு பல்கலைக்கழகங்களின் போட்டிகளுக்குப் பிரிந்துபோவார்கள். நன்றாக ஆடுகிற பையனைச் சென்னை, கோவைக் கல்லூரிகள் கட்டணச் சலுகையும் விடுதியும் கொடுத்து அழைத்துக்கொள்ளும். எஞ்சியவர்களை வைத்து ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாக அணி கட்டுவது சின்ன ஊர்க் கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் வாழ்நாள் வேலை. வளர்ந்த பிள்ளையை வழியனுப்பிவிட்டு அடுத்த பிள்ளைக்கு லே-அப் சொல்லித்தர மனம் வேண்டும்.

ஊரின் இருப்பிடமும் பயிற்சியாளருக்கு ஒரு துணை. மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும். சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகத்தார் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக ஆண்டாண்டாக நடத்துவது. வடக்கே கரூரிலும் மேற்கே கோவையிலும் அகில இந்தியப் போட்டிகள் உண்டு. ரயில்வே, வங்கி, ராணுவம், வருமானவரித் துறை என்று நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடும். வத்தலக்குண்டு வழியாகப் பஸ்ஸில் பெரியகுளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் காலரியில் உட்காரவைத்து, “அந்த அஞ்சாம் நம்பரை மட்டும் பாரு. பந்து இல்லாதப்ப அவன் எங்க நகர்றான்னு பாரு” என்று சொல்லித்தருகிற பயிற்சியாளரின் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இரவு மூன்று மாதப் பயிற்சிக்குச் சமம்.

சின்னக் கல்லூரியின் பெரிய வாத்தியார்

சின்ன இடத்தில் வேலை செய்கிறவரின் உழைப்பு சின்னது என்று நினைக்கிறவர்களுக்கு ஜான் மெக்லெண்டனின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். 1930-களில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கறுப்பின மாணவர் அவர். நிறத்தின் காரணமாகப் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. அங்கே முதிய வயதில் பேராசிரியராக இருந்த நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். ஆட்டத்தை உருவாக்கியவரிடமே நேரடியாகப் பாடம் கேட்டவர், ஆனால் அதே ஊர்க் கோர்ட்டில் அணிக்காகக் கால் வைக்க முடியாதவர்.

படிப்பு முடிந்ததும் வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கான சிறு கல்லூரி ஒன்றில் பயிற்சியாளரானார். பந்து கைக்கு வந்ததும் எதிரணி திரும்புவதற்குள் பாய்ந்தோடும் வேக ஆட்டத்தையும், கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிக்கும் தடுப்பாட்டத்தையும் அங்கே செதுக்கினார். 1944-ஆம் ஆண்டு மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி யாருக்கும் தெரியாமல் வந்து மெக்லெண்டனின் பிள்ளைகளோடு ஆடியது. இரு நிறத்தவரும் சேர்ந்து ஆடுவதற்குத் தடை இருந்த காலம். கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். மெக்லெண்டனின் அணி 88–44 என்று வென்றது.

பிறகு டென்னசி மாநிலத்தில் இன்னொரு கறுப்பினக் கல்லூரி. அந்த அணி 1957, 1958, 1959 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. நாட்டின் பெரிய பத்திரிகைகள் அவரை வெகு தாமதமாகத்தான் கவனித்தன. கூடைப்பந்தின் புகழ்மன்றத்தில் 1979-ல் ஒருமுறையும், பயிற்சியாளர் என்ற முறையில் அவர் இறந்த பிறகு 2016-ல் இன்னொரு முறையும் இடம் கிடைத்தது.

ஸ்பிரிங்ஃபீல்டில் கிளம்பிய ஒரு கிளை கன்சாஸ் வழியாக மெக்லெண்டனிடம் போனது. இன்னொரு கிளை மதராஸ் வழியாக நம் ஊருக்கு வந்தது. இரண்டு கிளையிலும் ஆட்டம் போன பாதை ஒன்றுதான்: பெரிய அரங்கம் எதுவும் இல்லாத இடத்தில், யாரும் பெரிதாகப் பார்க்காத பிள்ளைகளுக்கு, ஒரு வாத்தியார் தினமும் வந்து சொல்லிக்கொடுத்தார்.

பெண் பிள்ளைகளின் கோர்ட்

பயிற்சியாளரின் உழைப்பு இரட்டிப்பாக வேண்டிய இடம் பெண்கள் அணி. பையன் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பினால் யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளை ஆறு மணிக்கு மேல் ஆனால் வீடு பதறும். வெளியூர்ப் போட்டி என்றால் இரவு எங்கே தங்குவார்கள், கூட யார் வருவார்கள், அரைக்கால் சட்டை போட்டுத்தான் ஆட வேண்டுமா என்று பெற்றோரிடம் ஆயிரம் கேள்வி. வீடு வீடாகப் போய், “அம்மா, என் மக மாதிரி பார்த்துக்கிறேன், நம்பி அனுப்புங்க” என்று கேட்டுத்தான் மாவட்ட அணிக்கு ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெண் உடற்கல்வி ஆசிரியை இருக்கும் பள்ளியில் இந்தத் தயக்கம் பெருமளவு குறைகிறது. அதனாலேயே பெண்கள் பள்ளிகளில் அந்தப் பணியிடம் நிரம்பியிருப்பது முக்கியம்.

அப்படி ஒரு பிள்ளை அனுப்பப்பட்டால் எதுவரை போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். 19 வயதில் அணித் தலைவரானார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடினார். குழந்தை பிறந்த பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி நாட்டுக்காக ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பள்ளி வயதில் கூடைப்பந்துக்கு வந்து, உள்ளூர்ப் பயிற்சியில் உருவானவர் அவர். எந்தப் பத்மஸ்ரீக்கும் முன்னால் ஒரு ‘வலது, இடது, ஏறு’ இருந்திருக்கிறது.

கோப்பை சொல்லாத கணக்கு

ஒரு பயிற்சியாளர் முப்பது ஆண்டு பணி முடித்து ஓய்வு பெறும்போது, பள்ளி அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் சில கோப்பைகள் நிற்கும். அவற்றை வைத்து அவரை எடைபோடுவது தவறு. மாநில அளவில் ஒரு பிரிவில் ஓர் ஆண்டில் ஒரே ஓர் அணிதான் வெல்லும். மற்ற எல்லாப் பயிற்சியாளர்களும் ஏதோ ஓர் ஆட்டத்தில் தோற்றுத்தான் வீடு திரும்புகிறார்கள். வென்ற ஆட்டத்தைவிடத் தோற்ற ஆட்டம் அதிகம் என்பது நெய்ஸ்மித்துக்கே நேர்ந்தது.

உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சேர்ந்தால் உணவும் உறைவிடமும் பயிற்சியும் கிடைக்கும். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை என்று பலவும் கூடைப்பந்து வீரர்களை வேலைக்கு எடுத்திருக்கின்றன. நூற்பாலையில் ஷிப்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கும், பூட்டுப் பட்டறைத் தொழிலாளி மகனுக்கும், தோல் கிடங்குத் தொழிலாளியின் பேரனுக்கும் இந்தக் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று சொல்பவர் பயிற்சியாளர்தான். சான்றிதழை எந்தப் படிவத்தில் வாங்க வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். பிள்ளை விடுதித் தேர்வுக்குப் போகும் நாளில் கூடவே போய் வெளியே காத்திருப்பார்.

வேலைக்குப் போகாதவர்களும் எதையோ எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். நேரத்துக்கு வருவது, தோற்ற பிறகு எதிரணிக்குக் கை கொடுப்பது, தன்னைவிட நல்ல நிலையில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுத்துவிடுவது. சாதிப் பெயரும் தெருப் பெயரும் சொல்லியே ஆளை அளக்கும் ஊர்களில் வேறு வேறு தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே சட்டை போட்டு ஒருவரை ஒருவர் நம்பி ஓடுவது சாதாரணக் காரியம் இல்லை. பந்தை ஒருவருக்கொருவர் கொடுக்காமல் வெல்ல முடியாத ஆட்டம் கூடைப்பந்து. இந்தப் பாடத்தை எழுதிக் கற்பிக்க முடியாது. ஆடவைத்துத்தான் கற்பிக்க முடியும்.

காலியாகிற இடம்

இவ்வளவும் செய்கிற மனிதருக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? 2012-ல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் அது படிப்படியாக உயர்ந்து 12,500 ரூபாயைத் தொட்டது. அரைநாளுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் மைதானத்தில் நிற்கிற உடற்கல்வி ஆசிரியர்கள் இவர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கடமை உணர்வை நம்பியே ஒரு துறை நடப்பது நியாயம் ஆகாது.

நேரமும் பறிபோகிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியட் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். காலைப் பயிற்சி நேரத்தில் சிறப்பு வகுப்பு வைப்பார்கள். பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் கூடைப்பந்தில் ஒரு பிள்ளையின் ஆட்டம் முழுமை பெறுவதும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேவையான சான்றிதழ் கிடைப்பதும் அதே பதினைந்து, பதினாறு, பதினேழு வயதில்தான். ஐந்து ஆண்டு ஊற்றிய தண்ணீரை, காய்க்கிற பருவத்தில் நிறுத்துகிறோம்.

இதற்குச் செய்ய வேண்டியவை பெரிய பணம் கேட்பவை அல்ல. வளையம் இருக்கிற பள்ளியில் கூடைப்பந்து தெரிந்த ஆசிரியர் ஓய்வு பெற்றால், அந்த ஆட்டம் தெரிந்த ஒருவரையே அங்கே மாற்றலில் அனுப்ப வேண்டும். ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே அவருக்குக் கீழே இளையவர் ஒருவரை அமர்த்தி, பிள்ளைகளையும் பழக்கத்தையும் கைமாற்ற வேண்டும். பகுதிநேரப் பணியை முழுநேரப் பணியாக்க வேண்டும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் பெற விரும்பும் ஆசிரியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். பஞ்சாலைகளும் வணிகர் சங்கங்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கு ஆண்டுக்குப் பத்துப் பந்து வாங்கிக் கொடுக்க முடியாத ஊர் இல்லை திண்டுக்கல்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் பற்றிக் கேட்கிறோம். அதே கூட்டத்தில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? அட்டவணையில் உள்ள விளையாட்டுப் பீரியட் உண்மையிலேயே நடக்கிறதா? குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகள் போகும் பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள்? பல பள்ளிகளில் மூன்றாவது கேள்விக்குப் பதில், அந்த வாத்தியாரின் சட்டைப் பையாக இருக்கும்.

பக் ஐந்து மாணவர்களோடு தொடங்கிய ஒரு வேலை நூறு ஆண்டுகளைக் கடந்து திண்டுக்கல் மண்ணில் நிற்கிறது. கட்டடங்களோ பணமோ அதை இவ்வளவு தூரம் கொண்டுவரவில்லை. ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுமுன் இன்னோர் ஆசிரியரை உருவாக்கினார், அவர் இன்னொருவரை உருவாக்கினார். அந்த வரிசையில் எங்காவது ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டால், அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு இழப்பு என்னவென்றுகூடத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் பந்தையே தொட்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்தை நிரப்புவது அரசின் கடமை. நிரப்பும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது ஊரின் கடமை.